பென்டிரைவோடு கடைக்குப் போங்கள்: லினக்ஸுக்குப் பழைய லேப்டாப் வாங்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருப்பவர்களுக்குப் பழைய லேப்டாப் வாங்குவதில் ஒரு சாதகம் உண்டு. பெங்களூரில் உள்ள நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகளை, மூன்று நான்கு ஆண்டுகள் ஓடியதும் மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. அவை பெங்களூரின் கணினிக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டு வியாபாரிகளின் கைக்கு வந்து, துடைத்துச் சுத்தமாக்கப்பட்டு, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நெடுஞ்சாலையோடு இறங்கி வருகின்றன. ஆகவே நமக்குத் தெரிவு செய்ய நிறைய இருக்கிறது. நிறைய இருப்பதுதான் புதியவரைத் தடுமாறவும் வைக்கிறது.

விண்டோஸைத் தவிர வேறெதையும் தொட்டிராத, இப்போது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் வகைகளான உபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டையோ நிறுவிப் பழக நினைக்கிற ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அவர் முதலில் கேட்பது "எந்த மாடல் வாங்கலாம்?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் மாடலைவிட முக்கியமானது, காசு கொடுப்பதற்கு முன்பே அந்தக் கருவியில் லினக்ஸை ஓட்டிப் பார்த்துவிடுவது. ஒரே மாடலில் பத்து லேப்டாப் வரிசையாக நின்றாலும், ஒவ்வொன்றும் வேறொருவர் கையில் நான்கு ஆண்டுகள் வெவ்வேறு விதமாக உழைத்தது.

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓசூரில் ஒரு மாடிக் கடையில், விண்டோஸ் நன்றாக ஓடுவதைப் பார்த்து மட்டும் ஒரு லேப்டாப்பை வாங்கிக்கொண்டு தருமபுரி வந்து சேர்ந்தேன். இரவு லினக்ஸை நிறுவ உட்கார்ந்தால், லேப்டாப்பின் உள்ளே இருந்த எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பு வட்டு, நிறுவும் மென்பொருளின் கண்ணுக்கே தெரியவில்லை. கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் ஓர் அமைப்பை மாற்றினால் தெரிந்துவிடும் என்று படித்து, பயாஸுக்குள் போனால் கடவுச்சொல் கேட்டது. பழைய நிறுவனம் போட்ட கடவுச்சொல் அது, கடைக்காரருக்கும் தெரியாது. மறுநாள் மீண்டும் ஓசூர் பஸ். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வரவும் அவ்வளவே. கடைக்காரர் முகம் சுளிக்காமல் வேறொன்றைக் கொடுத்தார் என்பதால் பணம் தப்பியது, ஒரு நாள் போனது. கடையிலேயே ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் அந்த நாளும் போயிருக்காது.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென்டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் மின்ட் 22 வரிசையையோ உபுண்டு 24.04 பதிப்பையோ அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து பதிவிறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற கருவியால் பென்டிரைவில் எழுதுங்கள். எழுதும்போது பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் கல்யாணப் படங்கள் இருக்கும் பென்டிரைவை இதற்கு எடுக்க வேண்டாம். இந்த இரண்டு பதிப்புகளுக்கும் 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். இவ்வாறு தயாரான பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினால், உள்ளே இருக்கும் வட்டைத் தொடாமலேயே லினக்ஸ் முழுமையாக ஓடும். இதை லைவ் முறை என்பார்கள். கடைக்காரருடைய விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. இதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அதோடு ஓர் இயர்போன், யூ.எஸ்.பி. மவுஸ், இணையத்துக்கு உங்கள் கைப்பேசி. இவ்வளவு போதும். பகலில் போங்கள், டியூப் லைட்டின் கீழே திரையின் குறைகள் மறைந்துவிடும்.

எந்த வகை லேப்டாப்

அலுவலகப் பயன்பாட்டுக்கென்று தயாரிக்கப்பட்ட வரிசைகளை மட்டும் பாருங்கள்: லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லேட்டிடியூட், ஹெச்பியின் எலைட்புக். வீட்டு உபயோகத்துக்கென்று விற்கப்பட்ட பளபளப்பான லேப்டாப் அதே விலைக்குக் கிடைத்தாலும் அதை ஒதுக்குவதுதான் என் வழக்கம். அலுவலக வரிசைகளில் கீல்கள் உறுதியாக இருக்கும். அடிமூடியைத் திருகு கழற்றித் திறக்கலாம். கீபோர்டு, பேட்டரி, மின்விசிறி ஆகிய உதிரிகள் பெங்களூரில் தனித்தனியாகக் கிடைக்கும். இந்த லேப்டாப்புகளில் பெரும்பாலும் இன்டெல் வைஃபை கார்டு இருப்பதும் லினக்ஸ்காரருக்குப் பெரிய ஆறுதல். அதை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது.

தலைமுறையைப் பொறுத்தவரை, இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குங்கள். பிராசசரின் எண்ணைப் பார்த்தால் தலைமுறை தெரியும்: 7200 என்றிருந்தால் ஏழாவது, 8250 என்றிருந்தால் எட்டாவது, 10210 என்றிருந்தால் பத்தாவது. லேப்டாப்புகளில் பரவலாக வரும், எண்ணின் முடிவில் U என்ற எழுத்துள்ள ஐ5 பிராசசரில் ஏழாம் தலைமுறை வரை இரண்டு கோர்தான், அதாவது கணக்கிடும் மையம்தான், இருந்தது. 2017-இல் வந்த எட்டாம் தலைமுறையில் அது நான்காயிற்று. உலாவியில் பத்துத் தாவல்களைத் திறந்து வைத்திருக்கிறவருக்கு இந்த வேறுபாடு கையில் தெரியும். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள லேப்டாப்புகளை, மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதனால் ஆறு, ஏழாம் தலைமுறை லேப்டாப்புகளைக் கடைக்காரர்கள் தள்ளிவிடப் பார்ப்பார்கள். லினக்ஸுக்கு அவையும் ஓடும். எழுதுவதற்கும் படிப்பதற்கும் மட்டும் வேண்டுமென்றால், விலை உண்மையிலேயே பாதியாக இருக்கும்போது, வாங்கலாம். ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்காக வாங்க வேண்டாம்.

2018-இல் வந்த திங்க்பேட் டி480, லேட்டிடியூட் 5490, 7490, எலைட்புக் 840 ஜி5 ஆகிய நான்கும் எட்டாம் தலைமுறையில் நல்ல தேர்வுகள். நான்கிலும் ரேமுக்கு இரண்டு ஸ்லாட்டுகள் உண்டு. இது சின்ன விஷயமல்ல. மெல்லியதாகவும் எடை குறைவாகவும் இருக்கும் மாடல்களில் ரேமைப் பலகையோடு சேர்த்துச் சால்டர் செய்துவிடுகிறார்கள். திங்க்பேட் எக்ஸ்1 கார்பனில் முழுவதும் அப்படித்தான், டி480எஸ்ஸில் பாதி அப்படி. முழுவதும் சால்டர் செய்ததை 8 ஜிபியோடு வாங்கினால் காலமெல்லாம் 8 ஜிபிதான். ஸ்லாட் இருந்தால் இன்றைக்கு 8 ஜிபியில் தொடங்கி, கையில் காசு வரும்போது 16 ஆக்கிக்கொள்ளலாம். டி480-க்கு இன்னொரு சிறப்பு, உள்ளே ஒன்றும் பின்புறம் கழற்றக்கூடிய ஒன்றுமாக இரண்டு பேட்டரிகள் இருப்பது. உள்பேட்டரி ஓட, கணினியை அணைக்காமலேயே வெளிபேட்டரியைக் கழற்றி மாற்றலாம். மின்வெட்டு நேரத்தில் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் இதன் அருமையை அறிவார்.

ஒதுக்க வேண்டியவையும் உண்டு. தனியாக என்விடியா கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பைப் புதியவர் தவிர்ப்பது நல்லது. ஓடாது என்பதல்ல, அதன் டிரைவரோடு மல்லுக்கட்டுவது லினக்ஸ் பழகும் முதல் மாதத்தில் வேண்டாத வேலை. 2018 முதல் வந்த இன்டெல் மேக்புக் ஏர், மேக்புக் ப்ரோ லேப்டாப்புகளில் டி2 என்ற பாதுகாப்புச் சிப் இருப்பதால், சாதாரண லினக்ஸ் பதிப்பைப் போட்டால் கீபோர்டும் வைஃபையும்கூட வேலை செய்யாமல் போகலாம். புதியது எல்லாம் நல்லது என்றும் இல்லை: இன்டெல் பன்னிரண்டாம் தலைமுறையில் வந்த சில மெல்லிய லேப்டாப்புகளின் கேமரா லினக்ஸில் நீண்ட நாள் இயங்காமல் கிடந்தது. கைரேகை உணரி எந்த மாடலில் இருந்தாலும் அதை இல்லாததாகவே கருதிக்கொள்ளுங்கள். வேலை செய்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

இன்னொன்று. அரசுச் சின்னம் பொறித்த விலையில்லா மடிக்கணினிகள் சில இடங்களில் விற்பனைக்கு வரும். அவை மாணவர்களுக்காகக் கொடுக்கப்பட்டவை, விற்பதற்கல்ல. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொட வேண்டாம்.

கடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை

முதலில் அணைந்த நிலையிலேயே கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத் திருகுகளில் ஒன்றிரண்டு இல்லையென்றால், யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள் என்று பொருள். ஏன் திறந்தார்கள் என்று கேளுங்கள். திரையை ஒரு விரலால் மெதுவாகத் திறந்து, இடையில் விடுங்கள். விட்ட இடத்தில் நிற்க வேண்டும். பிறகு லேப்டாப்பை மேசையில் வைத்து, டச்பேடு சமமாக இருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். டச்பேடு நடுவில் மேலெழும்பியோ, அடிமூடி பிதுங்கியோ இருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். அது பேரம் பேசும் விஷயமல்ல, தீப்பிடிக்கும் விஷயம்.

அடுத்தது பயாஸ். இயக்கியவுடன் லெனோவோவில் எஃப்1, டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10 விசையைத் தட்டினால் பயாஸ் திறக்கும். கடவுச்சொல் கேட்டால் அதோடு முடிந்தது. "ரெண்டு நாள்ல எடுத்துத் தரோம் தம்பி" என்ற பேச்சை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். கேட்காமல் திறந்தால், பாதுகாப்புப் பகுதிக்குள் கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சல்யூட் என்ற பெயரில் ஒரு வரி இருக்கும். திருடுபோன கணினியைத் தொலைவிலிருந்து கண்காணிக்கவும் பூட்டவும் நிறுவனங்கள் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அந்த வரி செயல்பாட்டில் இருப்பதாகக் காட்டினால், பழைய நிறுவனம் அதை இன்னும் விடுவிக்காமல் இருக்கலாம், வாங்க வேண்டாம். அதே பயாஸில் தெரியும் வரிசை எண்ணும் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள வரிசை எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் பார்த்து, குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பென்டிரைவைச் செருகித் தொடங்குங்கள். லெனோவோவிலும் டெல்லிலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9 தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். செருக விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். ஓசூரில் ஒருமுறை என்னோடு வந்த கல்லூரி மாணவரிடம் கடைப் பையன், "அண்ணா, வைரஸ் வந்துடும்ங்க, முதலாளி திட்டுவாரு," என்றான். முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, தெலுங்கில் ஏதோ கேட்டு, பிறகு தமிழில், "போட்டுப் பாக்கட்டும் விடுடா, வாங்கிட்டுப் போயி திருப்பிக் கொண்டாந்தா யாருக்கு நட்டம்?" என்றார். அந்தக் கடையில் வாங்கினோம்.

லைவ் முறையில் திரை வந்ததும் வைஃபையைக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துவிடுங்கள். எந்த டிரைவரையும் தேடாமல் அது இணைந்தால், லினக்ஸ் பற்றிய பெரிய கவலை தீர்ந்தது. பிறகு உரைத் திருத்தி ஒன்றைத் திறந்து, கீபோர்டின் ஒவ்வொரு விசையையும் இடமிருந்து வலமாக வரிசைவரிசையாக அழுத்துங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் ஒரு விசை வேலை செய்யாத லேப்டாப்பில், அந்த எழுத்து உங்கள் கடவுச்சொல்லில் இருக்கும் எழுத்தாகத்தான் இருக்கும். ஒலி, ஒளிர்வு ஆகியவற்றுக்கான விசைகள், எல்லா யூ.எஸ்.பி. துளைகள், இயர்போன் துளை, எச்.டி.எம்.ஐ. ஆகியவற்றையும் தொட்டுவிடுங்கள். கேமராவுக்கும் மைக்குக்கும் உலாவியில் ஒரு வீடியோ அழைப்பைத் திறந்தால் போதும். திரையில் முழு வெள்ளைப் படம் ஒன்றை வைத்துப் பார்த்தால், பைக்குள் நசுங்கியதால் உண்டான வெண்புள்ளிகளும் ஓரங்களின் மஞ்சள் நிறமும் வெளிப்படும். திரையின் தெளிவு 1920-க்கு 1080 என்று இருக்க வேண்டும். 1366-க்கு 768 உள்ள திரைகளும் இதே மாடல்கள் சிலவற்றில் வந்திருக்கின்றன, வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

மூடியை மூடி, இரண்டு நிமிடம் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திறங்கள். தூக்கத்திலிருந்து திரையும் வைஃபையும் ஒழுங்காக விழித்துக்கொள்ள வேண்டும். லினக்ஸில் பல லேப்டாப்புகள் தடுக்கி விழும் இடம் இது.

மின்விசிறியையும் கேளுங்கள், கேட்பது என்றால் காதை வைத்துத்தான். பத்து நிமிடம் ஒரு வீடியோவை ஓடவிட்டு, காற்று வெளியேறும் பக்கத்தில் கையை வையுங்கள். காற்று வராமல் உடல் மட்டும் சுட்டால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது. கிரானைட் பட்டறைகளுக்குப் பக்கத்தில் ஓடிய கணினிகளை நான் திறந்து பார்த்திருக்கிறேன். மின்விசிறிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் தகட்டுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தையே இருக்கும். தூசியைத் துடைத்துவிடலாம். கரகரவென்று சத்தமிடும் மின்விசிறியை மாற்றத்தான் வேண்டும், அதை விலையில் கழியுங்கள்.

பேட்டரிக் கணக்கு

பழைய லேப்டாப்பில் கடைக்காரர் சொல்லும் சொல்லில் மிகக் குறைவாக நம்ப வேண்டியது பேட்டரியைப் பற்றியதுதான். நல்ல வேளையாக, அதைக் கேட்கவே வேண்டியதில்லை. லினக்ஸில் பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்றொரு செயலி உண்டு. பென்டிரைவில் இல்லையென்றால் இணையம் இருக்கும்போது லைவ் முறையிலேயே நிறுவிக்கொள்ளலாம். அதில் இரண்டு எண்களைப் பாருங்கள்: தயாரித்தபோது பேட்டரி எவ்வளவு வாட்-மணி கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது என்பது ஒன்று, இப்போது முழுதாக ஏறினால் எவ்வளவு கொள்கிறது என்பது மற்றொன்று. 48 வாட்-மணிக்கு வடிவமைத்தது இப்போது 36 கொள்கிறது என்றால் முக்கால் பங்கு மீதி இருக்கிறது, நல்லது. பாதிக்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரியின் விலையைப் பேரத்தில் சேர்த்துவிட வேண்டும். எண் நூற்றுக்கு நூறு என்று காட்டினால் மகிழ்ந்துவிடாதீர்கள். மட்டமான மாற்றுப் பேட்டரிகள் அப்படிக் காட்டிவிட்டு அரை மணி நேரத்தில் படுத்துவிடும். சார்ஜரைக் கழற்றிவிட்டே மற்றச் சோதனைகளைச் செய்யுங்கள். அரை மணி நேரத்தில் எவ்வளவு விழுக்காடு இறங்கியது என்பது எந்தச் செயலியையும்விட உண்மையைச் சொல்லும்.

சார்ஜரும் அந்த மாடலுக்கு உரியதாக இருக்க வேண்டும். டெல் லேப்டாப்புகள் தம் சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால் பேட்டரியை ஏற்ற மறுத்து, வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். கடையில் ஓடிய சார்ஜரையே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டிக்குள்ளிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தால் அதையும் செருகிப் பாருங்கள்.

எஸ்.எஸ்.டி.யைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். டிஸ்க்ஸ் என்ற செயலியில் ஸ்மார்ட் விவரங்கள், அதாவது வட்டு தன்னைப் பற்றி வைத்திருக்கும் பதிவு, திறக்குமானால், எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியும். நாளைக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள், நான்கு ஆண்டு என்று கணக்கிட்டால் 8,000 மணி நேரம். அதையொட்டி இருந்தால் இயல்பு. 30,000 என்று காட்டினால் அது அணைக்கப்படாமலே கிடந்த வட்டு, அல்லது வேறெங்கிருந்தோ வந்தது. எப்படியிருந்தாலும் எஸ்.எஸ்.டி. மாற்றக்கூடிய பொருள். 20,000 ரூபாய் செலவிட எண்ணியிருந்தால் லேப்டாப்பை 16,000-க்குள் முடித்துவிட்டு, மீதியைப் பேட்டரிக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் என்று பையில் வைத்துக்கொள்வதே என் யோசனை.

பில்

ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். அதில் வரிசை எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். கடைக்காரர் வாயால் சொல்லும் மூன்று மாத வாரண்டியையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். பில் இல்லாத லேப்டாப் மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவின்படி குற்றம்.

வீட்டுக்கு வந்த பின்

நிறுவும்போது எஸ்.எஸ்.டி. தெரியவில்லையென்றால், எனக்கு நேர்ந்த அதே சிக்கல்தான். பயாஸில் சேமிப்பகத்துக்கான அமைப்பு ரெய்டு என்று இருக்கும், அதை ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றுங்கள். டெல் லேப்டாப்புகளில் இது அடிக்கடி காணப்படும். மாற்றிய பின் உள்ளே இருந்த விண்டோஸ் தொடங்காமல் போகலாம் என்பதால், விண்டோஸையும் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் மாற்றுவதற்கு முன் நன்றாகப் படித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பயாஸுக்குள் நுழைய முடியும் என்பதைக் கடையிலேயே உறுதி செய்துவிட்டதால், இனி இது இரண்டு நிமிட வேலை.

நிறுவி முடித்ததும் ஃபர்ம்வேர், அதாவது பயாஸைப் போலக் கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள், புதுப்பிப்புகளைப் பாருங்கள். லெனோவோவும் டெல்லும் தம் அலுவலக வரிசைகள் பலவற்றுக்கான பயாஸ் புதுப்பிப்புகளை லினக்ஸ் வழியாகவே தருகின்றன. 2017, 2018-இல் வந்த திங்க்பேட்கள் சிலவற்றில், யூ.எஸ்.பி.-சி துளையில் வரும் தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பின் ஃபர்ம்வேரில் இருந்த குறையால், அந்தத் துளை நாளடைவில் செயலிழக்கும் வாய்ப்பு இருந்தது. லெனோவோ அதற்குத் திருத்தம் வெளியிட்டது. டி480 வாங்கியவர்கள் அந்தத் திருத்தம் போடப்பட்டிருக்கிறதா என்பதை முதல் வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அதில் சார்ஜ் ஏறுவதும் யூ.எஸ்.பி.-சி வழியாகத்தான்.

தமிழ் எழுத, உள்ளீட்டு அமைப்புகளில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். எழுத்துருக்களுக்காக அலைய வேண்டியதில்லை. தமிழ் எழுத்துருக்கள் இந்தப் பதிப்புகளோடேயே வருகின்றன.

கடைசியாக ஒன்று. திங்க்பேட்டில் பேட்டரி 80 விழுக்காட்டோடு ஏறுவதை நிறுத்திக்கொள்ளும்படி லினக்ஸில் அமைக்க முடியும்; டெல்லில் இதைப் பயாஸிலேயே செய்யலாம். நாள் முழுவதும் மேசையில் சார்ஜரோடு ஓடும் லேப்டாப்புக்கு இதைச் செய்துவிடுங்கள். கடையில் பார்த்த பேட்டரி எண்ணையும் வாங்கிய தேதியையும் ஒரு சிறு தாளில் எழுதி அடிப்பக்கத்தில் ஒட்டிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே செயலியைத் திறந்து, தாளில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், புதுப் பேட்டரிக்கு எப்போது பணம் எடுத்துவைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.